டிபனோடு காப்பி வேண்டாம்

திருவண்ணாமலை–செஞ்சி சாலையில், கீழ்பென்னாத்தூர் டீக்கடைகளில் காலையில் காணும் காட்சிதான் இது: தட்டில் இட்லி தீரும் முன்பே பக்கத்தில் நுரை ததும்பும் காப்பி டம்ளர். பஸ் வரும் அவசரத்தில் சூடு ஆறக்கூடக் காத்திருப்பதில்லை.

காப்பியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று 1991இல் எழுப்பிய ஐயத்தை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் விலக்கிக்கொண்டது. அளவோடு குடிப்பவர்களிடம் இரண்டாம் வகை நீரிழிவும் கல்லீரல் நோயும் குறைவு என்றும் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால், 65 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் எந்தப் பானத்தைக் குடித்தாலும் உணவுக்குழாய்க்கு ஆபத்து நேரலாம் என்று அதே முகமை எச்சரித்தது.

கவலை வேறிடத்தில் இருக்கிறது. தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. காப்பியில் உள்ள டானின், உணவின் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது. எனவேதான் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காப்பி, டீ வேண்டாம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி. நாளுக்கு 300 மில்லிகிராம் காஃபீனே அது வகுத்த எல்லை. 150 மில்லி டிகாக்ஷன் காப்பியிலேயே 80 முதல் 120 மில்லிகிராம் இருக்கிறது.

இரும்புச்சத்து மாத்திரை வாங்க வரும் கர்ப்பிணிகளிடம், அதைக் காப்பியோடு விழுங்கக் கூடாது என்பதை ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்கள் ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்ப வேண்டும்.