ஹைபிரிட் கார்: சொன்ன அளவுக்குப் பெட்ரோல் மிச்சமாகுமா?

100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று அட்டையில் போட்டிருக்கும். ஓட்டிப் பார்த்தால் அந்தக் கணக்கு வருவதில்லையே, ஏன்?

அது ஆய்வுக்கூடக் கணக்கு. பரவலாகப் பயன்படும் டபிள்யூஎல்டிபி சோதனையில் கார் 30 நிமிடம், சுமார் 23 கிலோமீட்டர் உருளைமேல் ஓடும். ஏர்கான் அணைந்திருக்கும். சிங்கப்பூர் வெயிலில் அதை யார் அணைக்கிறார்கள்? நெரிசலில் கார் நின்றாலும் ஏர்கான் மின்கலத்தைக் காலி செய்யும்; அதை நிரப்ப இயந்திரம் மீண்டும் பெட்ரோல் குடிக்கும். விரைவுச்சாலையிலும் லாபம் குறைவு. பிரேக் பிடித்தால்தானே மின்சாரம் திரும்பக் கிடைக்கும்!

செருகி மின்னூட்டும் ஹைபிரிட்டில்தான் வித்தியாசம் பெரிது. ஐரோப்பிய ஆணையம் 2024இல் வெளியிட்ட தரவுப்படி, அவற்றின் கரியமில வாயு வெளியேற்றம் சோதனை அளவின் 3.5 மடங்கு. பெட்ரோல், டீசல் கார்களில் சுமார் 20 விழுக்காடுதான் அதிகம். சோதனை எதிர்பார்க்கும் அளவுக்கு ஓட்டுநர்கள் மின்னூட்டுவதில்லை. மின்னூட்ட நிலையம் தேடிப் போக மனமில்லாதவர்கள், செருகு வகைக்குக் கூடுதல் காசு கொடுக்குமுன் யோசிக்கலாம்.