16, 15, 16: எஃப்சி புனே சிட்டியின் பயிற்சியாளர்கள்

விஷ்ராந்த்வாடியிலும் அதையொட்டிய கட்கி, தானோரிப் பகுதிகளிலும் கால்பந்துப் பேச்சு எழுந்தால், எஃப்சி புனே சிட்டியின் பெயர் இன்னும் அடிபடாமல் போவதில்லை. அணி கலைந்தது 2019இல். ஆனால் அதன் பயிற்சியாளர்களில் சிறந்தவர் யார் என்ற வாதம் மட்டும் கலையவில்லை. வாதத்தில் இறங்குவோர் பெரும்பாலும் வெற்றி விழுக்காட்டை முன்வைக்கின்றனர். அந்த விழுக்காடு எதை அளக்கிறது என்று கேட்பவர் அரிது.

ஐந்து பருவங்களில் இந்த அணியை ஏழு பேர் நடத்தினர். ஒருவரும் இரண்டாம் பருவத்தைக் காணவில்லை. முதலில் வந்தவர் பிராங்கோ கொலோம்பா. பொலோன்யா, பார்மா போன்ற இத்தாலிய அணிகளை நடத்திய அனுபவம் உடையவர். அவருடைய 2014ஆம் ஆண்டு அணி 14 ஆட்டங்களில் 16 புள்ளிகள் பெற்று ஆறாம் இடத்தில் நின்றது. அடுத்த ஆண்டு டேவிட் பிளாட் வந்தார். 1990 உலகக் கோப்பையில் பெல்ஜியத்துக்கு எதிராகக் கூடுதல் நேரத்தின் இறுதிக் கணத்தில் கோலடித்த இங்கிலாந்து வீரர் என்றால் பலருக்கும் நினைவு வரும். அவர் காலத்தில் 15 புள்ளிகள், ஏழாம் இடம். 2016இல் அன்டோனியோ லோபஸ் ஹபாஸ். இந்தியன் சூப்பர் லீகின் முதல் கோப்பையை அத்லெடிகோ டி கொல்கத்தாவுக்கு வென்று தந்தவரே அவர். புனேயில் அவர் ஈட்டியது 16 புள்ளிகள். மீண்டும் ஆறாம் இடம்.

இத்தாலியப் பள்ளி, ஆங்கிலப் பள்ளி, ஸ்பானியப் பள்ளி என மூன்றும் வந்து சென்றன. விளைவு 16, 15, 16. இந்த மூன்று எண்களை அருகருகே வைத்த பிறகும் கொலோம்பா மேலா, ஹபாஸ் மேலா என்று வாதிடுவது, ஓட்டை விழுந்த குடத்தில் நீர் நிற்காததற்கு இறைத்தவரைக் குறை கூறுவதை ஒக்கும். ஹபாஸின் திறன் புனேக்கு வரும் வழியில் தொலைந்துவிடவில்லை என்பதற்குப் பின்னாளில் சான்றும் கிடைத்தது. 2019-20இல் அவர் கொல்கத்தாவுக்குத் திரும்பி ஏடிகே அணிக்கு மற்றொரு கோப்பையை வென்று தந்தார்.

14 ஆட்டங்கள் என்ற அளவின் சிறுமையையும் கருத வேண்டும். 2014இல் மூன்றாம், நான்காம் இடங்களைப் பிடித்த கொல்கத்தாவும் கேரளா பிளாஸ்டர்ஸும் தலா 19 புள்ளிகளே பெற்றிருந்தன. இறுதியாட்டத்தில் மோதியவையும் அவ்விரண்டே. ஆறாம் இடத்தில் நின்ற புனேக்கும் அவற்றுக்கும் இடையே இருந்தது ஒரே ஒரு வெற்றியின் தொலைவு. கம்பத்தில் பட்டுத் திரும்பிய ஒரு பந்து உள்ளே விழுந்திருந்தால் கொலோம்பாவின் பெயர் வேறு தொனியில் உச்சரிக்கப்பட்டிருக்கும்.

2017-18ஐ இவற்றோடு சேர்த்து எண்ண இயலாது. செர்பியரான ராங்கோ போபோவிச்சின் அணி 18 ஆட்டங்களில் 30 புள்ளிகள் பெற்று நான்காம் இடம் பிடித்தது. புனே அரையிறுதிக்குள் நுழைந்தது அந்த ஒரு முறைதான். ஆட்டத்துக்கு ஒரு புள்ளியைச் சற்றே தாண்டி நின்ற அணி, ஒன்றரைப் புள்ளியைக் கடந்தது. இதில் போபோவிச்சின் பங்கு எவ்வளவு? முந்தைய பருவத்தில் டெல்லிக்காக அதிகக் கோல்கள் அடித்துத் தங்கக் காலணி வென்ற மார்செலின்யோவும், நார்த் ஈஸ்ட் யுனைடெட்டின் எமிலியானோ அல்ஃபாரோவும் அந்த ஆண்டுதான் புனேக்கு வந்தனர். அணியின் கோல்களில் பாதிக்கும் மேல் இவ்விருவர் கால்களிலிருந்து பிறந்தவை. ஆகவே முழுப் புகழும் பயிற்சியாளருக்கு உரியதன்று. ஆயினும் ஆஷிக் குருணியன் போன்ற இளைஞர்களை நம்பிக் களமிறக்கிய துணிவு அவருடையது. அதைக் குறைத்து மதிப்பிடுதல் முறையாகாது. அரையிறுதியின் முதல் ஆட்டம் புனேயில் கோலின்றி முடிந்தது. பெங்களூரில் சுனில் சேத்ரி மூன்று கோல்கள் அடிக்க, 3-1 எனக் கதை முடிந்தது.

அடுத்த பருவத்தில் போபோவிச் இல்லை. மிகுவேல் ஆஞ்ஹெல் போர்ச்சுகல் மூன்றே ஆட்டங்களில் விலக்கப்பட்டார். இடைக்காலத்தில் பிரத்யும் ரெட்டி அணியைத் தாங்கினார். பின்னர் ஃபில் பிரவுன் வந்தார். மார்செலின்யோ அணியில்தான் இருந்தார், ஆனால் புள்ளிகள் 22ஆகக் குறைந்தன, இடம் ஏழாகச் சரிந்தது. மூவரின் விழுக்காட்டைத் தனித்தனியே கணக்கிட்டு ஒப்பிடுவோரும் உண்டு. மூன்று ஆட்டங்களுக்கு விழுக்காடு போடுவதைப் புள்ளியியல் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

ஒரே மனிதரின் கீழும் எண்கள் எவ்வாறு தலைகீழாகும் என்பதற்குத் தமிழகமே சான்று. ஜான் கிரிகரியின் சென்னையின் அணி 2017-18இல் கோப்பையை வென்றது. அதே கிரிகரி, மறு ஆண்டு 18 ஆட்டங்களில் 9 புள்ளிகளுடன் கடைசி இடம். சென்னையின் நிர்வாகம் அந்தப் பருவத்தின் நடுவில் அவரை வெளியேற்றவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

புனேயிலும் பொறுமைக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. சூப்பர் லீக் பிறக்கும் முன்பே பாலேவாடியில் ஆடிய புனே எஃப்சி, 2009-10 ஐ-லீகில் மூன்றாம் இடம் பெற்றது. 2012-13இல் இரண்டாம் இடம். இரண்டுக்கும் பயிற்சியாளர் கோவாவின் டெரிக் பெரேரா. இடைப்பட்ட பருவங்களில் அணி அந்த உயரத்தை எட்டவில்லை. ஆயினும் அவரை அனுப்பிவிடவில்லை. நட்சத்திரப் பெயர்களைத் தேடியவர்கள் தம் ஊர் மைதானத்திலேயே இருந்த இந்தப் பாடத்தைப் படிக்காமல் விட்டது வியப்பே. பட்டியலில் போபோவிச் முதலிடம் பெறலாம். புனேயில் கால்பந்தை நடத்திக் காட்டியவர் பெரேராதான்.

2019இல் நிதி நெருக்கடியில் அணி முடங்கியபோது சூப்பர் லீகில் அதன் இடம் ஹைதராபாத்துக்குப் போயிற்று. பிரவுனும் மார்செலின்யோவும் உடன் சென்றனர். முதல் பருவத்தில் 10 புள்ளிகள், கடைசி இடம். பிரவுன் நடுவிலேயே நீக்கப்பட்டார். 2020இல் பொறுப்பேற்ற மனோலோ மார்க்வெஸுக்கு மூன்று முழுப் பருவங்கள் தரப்பட்டன. முதலாண்டில் ஐந்தாம் இடம். இரண்டாம் ஆண்டில், 2022 மார்ச்சில், கோப்பை. மூன்றாம் ஆண்டில் லீகில் இரண்டாம் இடம். அவர் சென்றபின் பணமும் வற்றியது. 2023-24இல் 22 ஆட்டங்களில் 8 புள்ளிகள் மட்டுமே. அந்தப் பருவத்தை நடத்திய தாங்போய் சிங்டோவின் வெற்றி விழுக்காட்டை மனோலோவினுடையதோடு ஒப்பிட்டு ஏளனம் செய்வோர், வெளிநாட்டு வீரர்கள் ஒவ்வொருவராக வெளியேறிய பிறகு அவர் கையில் எஞ்சியிருந்தது யார் என்பதையும் பட்டியலிடுவது நன்று.