கார் கம்பெனி வரலாறும் ஒரு விரலும்

1/ போன வாரம் என் மேசையில் கிடந்த புத்தகத்தைப் பார்த்துட்டு ஒரு நண்பர் கேட்டார்: "டாக்டர், உங்களுக்கு எதுக்கு கார் கம்பெனி வரலாறு?" அது ஃபோர்டு பற்றிய புத்தகம். பதில் கொஞ்சம் நீளம். அதான் இந்த த்ரெட்.

2/ ஃபோர்டு பற்றி எழுதப்பட்ட புத்தகங்களை வச்சே ஒரு அலமாரியை நிரப்பலாம். ஹென்றி ஃபோர்டே சாமுவேல் குரோதரோடு சேர்ந்து 1922-ல் எழுதிய 'மை லைஃப் அண்ட் வொர்க்'. ஆலன் நெவின்ஸ், ஃபிராங்க் ஹில் எழுதிய மூன்று தடித்த பாகங்கள் (1954, 1957, 1963). ராபர்ட் லேசி 1986-ல் எழுதிய குடும்பக் கதை. அமேசான் காட்டுக்குள்ள ஃபோர்டு கட்டின ரப்பர் ஊரைப் பற்றி கிரெக் கிராண்டின் எழுதியது (2009).

3/ கதை விறுவிறுப்பாதான் இருக்கும். 1908-ல் மாடல் டி வருது. 1913-ல் நகரும் அசெம்பிளி லைன். ஒரு சேஸிஸ் கோர்க்க பன்னிரண்டரை மணி நேரம் ஆனது, 93 நிமிஷமா குறையுது. அந்த வேலை பிடிக்காம ஆட்கள் ஓடிக்கிட்டே இருந்ததால், 1914-ல் நாளுக்கு 5 டாலர் கூலி, எட்டு மணி நேர வேலைன்னு அறிவிக்கிறாங்க. நானும் ராத்திரி தூங்காம படிச்சவன்தான்.

4/ ஆனா ஃபோர்டின் அந்த 1922 புத்தகத்தில் ஒரு பக்கம் வந்ததும் நின்னுட்டேன். ஒரு டாக்டரால அதைத் தாண்டிப் போக முடியாது. தொழிற்சாலையில் உள்ள எல்லா வேலைகளையும் தரம் பிரிச்சாங்களாம். மொத்தம் 7,882 வேலைகள். அதில் 949-க்குத்தான் நல்ல உடல் வலு உள்ள ஆள் தேவை.

5/ அடுத்து வரும் கணக்கைப் பாருங்க. இரண்டு காலும் இல்லாதவர் செய்யக்கூடியவை 670. ஒரு கால் உள்ளவருக்கு 2,637. ஒரு கை உள்ளவருக்கு 715. பார்வை இல்லாதவருக்கு 10. இரண்டு கையும் இல்லாதவருக்கு 2.

6/ இதை முதல் தடவை படிச்சப்ப எனக்கு மரியாதைதான் வந்தது. உடல் குறைபாடோ நோயோ உள்ள 9,563 பேர் அங்கே வேலையில் இருந்தாங்க, முழுச் சம்பளம் வாங்கினாங்கன்னு அதே புத்தகம் சொல்லுது. நூறு வருஷத்துக்கு முந்தின கதை இது. இன்னைக்கும் ஊனச் சான்றிதழைக் கையில் வச்சுக்கிட்டு வேலைக்கு அலையறவங்களைத் தெரிஞ்ச நான், இதைக் குறைச்சுச் சொல்ல மாட்டேன்.

7/ இரண்டாம் தடவை படிச்சப்பதான் வயிற்றைப் பிசைஞ்சது. வேலையை அவ்வளவு சின்னத் துண்டா நறுக்கியாச்சு. வேலைக்கு ஆள் வேணும், ஆனா முழு ஆள் வேணாம். இந்த வேலைக்கு எந்த உறுப்பு போதும்ங்கிற கணக்கு அது. அந்தப் பட்டியலில் ஒருத்தர் பேரு கூட இல்ல.

8/ இதை நேரில் பார்த்த ஒரு பிரெஞ்சு டாக்டர் உண்டு. 1925-ல் உலக நாடுகள் சங்கத்தின் வேலையா டெட்ராய்ட் போய் ஃபோர்டு ஆலையைச் சுத்திப் பார்த்து மருத்துவக் குறிப்பு எழுதினார். பிறகு 1932-ல் செலின் என்ற புனைபெயரில் ஒரு நாவல் எழுதினார். அதன் நாயகன் ஃபோர்டில் வேலைக்குச் சேர்றான். இங்கே உனக்கு யோசனையே தேவையில்லன்னு ஆலை டாக்டர் அவனிடம் சொல்லிடறார். யூத வெறுப்பை எழுத்தில் கொட்டினவர் செலின். ஹென்றி ஃபோர்டும் அப்படித்தான். இரண்டு பேரையும் நான் கொண்டாடல. ஆனா ஒரு ஆலை மனுஷனை என்ன செய்யும்னு அந்த நாவல் எனக்குக் காட்டின அளவுக்கு, தடித்த வரலாறுகள் காட்டல.

9/ புதுச்சேரிக்கு வர்றேன். கொஞ்ச வருஷம் முன்னாடி ஒரு தம்பி வந்தான். கார் பாகம் செய்யற ஒரு ஆலையில் கான்ட்ராக்ட் வேலை. பவர் பிரஸ்ஸில் வலது சுட்டுவிரல் முழுசா போயிருந்தது. "விரல் எங்கப்பா?"ன்னு கேட்டேன். "ஸ்கிராப்போட போயிடுச்சு சார்" என்றான். அடுத்து அவன் கேட்ட கேள்வி: "இதுக்கு எத்தனை பர்சன்ட் போடுவீங்க சார்?"

10/ பர்சன்ட்னா என்னன்னு கேட்பீங்க. வேலையில் காயம்பட்ட தொழிலாளிக்கு இழப்பீடு தர 1923-ல் நம்ம நாட்டில் சட்டம் வந்தது. ஃபோர்டு புத்தகம் வந்து ஒரே வருஷத்தில். பின்னால் திருத்தப்பட்ட அதன் அட்டவணைப்படி, கட்டை விரல் போனா சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. சுட்டுவிரல் முழுசா போனா 14. நடுவிரலுக்கு 12. அட்டவணை அவசியம், அது இல்லாட்டி அந்தத் தம்பிக்கு ஒரு பைசா கிடைக்காது. ஆனா 14-ன்னு எழுதும்போது எனக்கு அந்த 7,882 ஞாபகம் வந்தது.

11/ எட்டு மணி நேர வேலையை ஹென்றி ஃபோர்டு தந்த பரிசு மாதிரி பல புத்தகங்கள் சொல்லும். அதே ஃபோர்டின் ஆலை வாசலில், 1932 மார்ச் 7 அன்று, வேலையில்லாதவங்க ஊர்வலம் மேல துப்பாக்கிச் சூடு நடந்தது. அன்னைக்கு நாலு பேர் செத்தாங்க. நம்ம ஊர் சவானா மில்லில், எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் கேட்ட போராட்டத்தில், 1936 ஜூலை 30 அன்று 12 தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டாங்க. பரிசா வந்தது எது, விலை கொடுத்து வாங்கினது எதுன்னு புதுச்சேரிக்காரங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

12/ இப்ப மறைமலை நகர். திண்டிவனம் வழியா சென்னை போறப்ப, செங்கல்பட்டு தாண்டினா வரும். தனித்தமிழ் வளர்த்த மறைமலை அடிகள் பேரு கொண்ட ஊரில் ஃபோர்டு ஆலை. ஐகான், ஃபிகோ, எக்கோஸ்போர்ட் எல்லாம் அங்கே உருவானவை. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தறோம்னு அறிவிச்சாங்க. 2022-ல் இழப்பீட்டுத் தொகைக்காகத் தொழிலாளர்கள் போராடினாங்க. 2024-ல் அந்த ஆலைக்குத் திரும்பி வர்றோம்னு மறுபடி ஒரு அறிவிப்பு.

13/ ஹென்றி ஃபோர்டின் மாடல் டி பற்றி எனக்கு நிறைய தெரியும். மறைமலை நகரில் இருபது வருஷம் டோர் மாட்டினவரின் தோள்பட்டை இப்ப எப்படி இருக்குன்னு தெரியாது. நைட் ஷிஃப்ட் அவர் தூக்கத்தை என்ன செஞ்சது, ஆலை மூடினப்ப வீட்டில் யாரு முதலில் அழுதாங்க, எதுவும் தெரியாது. இதைச் சொல்ல டெட்ராய்டில் இருந்து யாரும் வர மாட்டாங்க. நாமதான் எழுதணும், தமிழில்.

14/ கார் வரலாறு படிக்காதீங்கன்னு சொல்லல. படிங்க. ஒவ்வொரு அத்தியாயம் முடிஞ்சதும் ஒரே கேள்வி கேளுங்க: இதைச் செஞ்ச கைக்கு அப்புறம் என்ன ஆச்சு?

15/ உங்க அப்பாவோ மாமாவோ கார் ஆலையிலயோ, நம்ம ஊர் மில்லுலயோ வேலை பார்த்தவரா இருந்தா, இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் பக்கத்தில் உட்காருங்க. போனில் ரெக்கார்டு போட்டுட்டு, "முதல் நாள் வேலை எப்படிப்பா இருந்துச்சு?"ன்னு மட்டும் கேளுங்க. மீதியை அவரே சொல்லுவார். பேச்சு முடியறப்ப அவர் கையை ஒரு தடவை பிடிச்சுப் பாருங்க. நண்பருக்கு என் பதில் இதுதான்.