மரணாதார சங்கக் கணக்கு



பெண்கள் குழுக் கூட்டத்துக்காக லுணுகலையில் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். லயத்து வாசலில் ஒரு மாணவி மரணாதார சங்கத்தின் கணக்குப் புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தாள். தாய்தான் பொருளாளர். 2009இல் வன்னியில் கணவரை இழந்து, கைக்குழந்தையுடன் பிறந்த தோட்டத்துக்கே திரும்பி வந்தவர்.

“மிஸ், வருசத்துக்கு மூணு சாவுன்னா சந்தாக் காசு போதும். ஏழு சாவு வந்தா என்னா செய்யிறது?” என்று மகள் கேட்டாள்.

சாதாரண தரத்தில் கணிதத்துக்கு ‘ஏ’ எடுத்தவள் அவள். “உயர்தரத்தில் கலைப்பிரிவு படிக்கட்டும்” என்று தாய்க்கு ஆலோசனை சொன்னதும் நான்தான். சமூகவியல் படித்த எனக்குத் தெரிந்த வழி அது. அவளுடைய கேள்விக்குப் பிறகு என் தவறு எனக்கே விளங்கியது.

அவள் கேட்டது பல்கலைக்கழகங்களில் கற்பிக்கும் ஒரு பாடம். எந்த வயதில் எத்தனை பேர் இறக்கக்கூடும், அதற்காக இன்று எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று கணிக்கும் காப்புறுதிக் கணிப்பியல். 1744இல் ஸ்கொட்லாந்தில் இறந்துபோன மதகுருமாரின் மனைவி மக்களுக்காக இப்படிக் கணக்கிட்டே ஒரு நிதியம் தொடங்கினார்கள். கணிதமேதை கொலின் மக்லோரின் அதற்கு உதவினார். கணவனை இழந்த பெண்களுக்காகவும் வளர்ந்த கணக்கு இது.

இலங்கையில் இதற்கு நெருங்கிய பட்டப்படிப்புகள் கொழும்பு, ருகுணு பல்கலைக்கழகங்களில் உண்டு. நிதிக் கணிதமும் புள்ளிவிபரவியலும் சேர்ந்தவை. உயர்தரத்தில் இணைந்த கணிதம் வேண்டும். அனுமதி இசட் புள்ளியின்படி. இத்தகைய பாடநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படியும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. அந்தப் பதினாறில் பதுளையும் உண்டு. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறையும் உண்டு.

“பொம்பளப் புள்ளைய பதுளையில தனியா எப்படி விடுறது மிஸ்?” என்று தாய் தயங்கினார். மூன்று முறை போய்ப் பேசினேன். இப்போது அவள் பதுளையில் உறவினர் வீட்டில் தங்கிக் கணிதப் பிரிவில் படிக்கிறாள். வார இறுதியில் பசறை வழியாக பஸ்ஸில் வந்து சங்கக் கணக்கையும் எழுதுகிறாள். இசட் புள்ளி எப்படி வரும் என்பது பரீட்சை முடிந்த பின்புதான் தெரியும்.

சகோதரிகளே, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூல் தமிழிலும் வெளிவருகிறது. பிள்ளை உயர்தரப் பாடங்களைத் தெரிவுசெய்யும் முன்பே அதைத் தேடி வாசியுங்கள். நான் அதைப் பிந்தித்தான் வாசித்தேன்.