கழகம் யாருடையது?

ஆறாம் வேற்றுமைக்குரிய கிழமைப் பொருளைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என இருவகைப்படுத்துவர் இலக்கண நூலார். 'சாத்தனது கை' பிரிக்கலாகாத உடைமை. 'சாத்தனது வீடு' விற்றுவிடத்தக்க உடைமை. மன்செஸ்டர் யுனைடெட் உதைபந்தாட்டக் கழகத்தின் அபிமானிகளுள் ஒருவனாகிய யான் இவ்வேறுபாட்டை அடிக்கடி எண்ணுவதுண்டு.

1878இல் நியூட்டன் ஹீத் புகையிரதத் தொழிலாளர் தோற்றுவித்த கழகம் அது. 2005இல் அமெரிக்கரான கிளேசர் குடும்பத்தார் பெருங்கடன் பட்டு அதனை வாங்கி, அக்கடனிற் பெரும்பகுதியைக் கழகத்தின் தலையிலேயே சுமத்தினர். வெகுண்ட ஆதரவாளர் சிலர் அவ்வாண்டிலேயே வேறொரு கழகம் கண்டனர். எஞ்சியோர் பலர் 2010இல், தொடக்ககால நிறங்களாகிய பச்சையும் பொன்னுமான சால்வை அணிந்து எதிர்ப்புக் காட்டினர்.

2024இல் சேர் ஜிம் ராட்கிளிஃப் ஏறத்தாழ 27.7 வீதப் பங்கை வாங்கி, ஆட்டத்துறை நிருவாகத்தை ஏற்றார். மன்செஸ்டருக்கு அணித்தாகிய ஊரிற் பிறந்தவர் என்பதால் நம்பிக்கை துளிர்த்தது. ஆயின் ஊழியர் பலர் வேலையிழந்தனர். வாக்குரிமையிற் பெரும்பகுதியும் கிளேசர் குடும்பத்தாரிடமே நின்றது.

இந்நிலையில் நம்புவது பேதைமை என்பார் உளர். யான் அதற்கு உடன்படேன். கண்மூடி நம்பியவன் கணக்குக் கேட்கமாட்டான்; நம்பிக்கை முற்றும் இழந்தவனும் கேட்கமாட்டான். இருவராலும் உரிமையாளர்க்கு இடையூறில்லை. ஐயத்தோடு நம்புகின்றவனே விடாது கேட்பவன். உரிமையாளர்க்குக் கழகம் பிறிதின்கிழமை, விற்றுவிட்டுப் போகலாம். ஆதரவாளனுக்கோ அது தற்கிழமை. ஆதலின் நம்புவதும் வினவுவதும் அவனுக்கே உரிய கடன்கள்.