குண்டு வெடித்தால் ஒரு பேச்சு, கைது நடந்தால் ஒரு பேச்சு!

எங்காவது குண்டு வெடித்தால், "பிடிச்சு உள்ளே போடு, ஜாமீனே கொடுக்காதே" என்று டீக்கடையில் குரல் எழும். அதே சட்டத்தில் தெரிந்த ஆள் ஒருவர் சிக்கினால், "இது என்னய்யா அநியாயம்?" என்று அதே வாய் கேட்கும்.

இரண்டுக்கும் காரணம் இருக்கிறது.

கோவையில் 1998 பிப்ரவரி 14-ந் தேதி தொடர் குண்டு வெடித்து 58 பேர் பலியானார்கள். எந்த வம்புக்கும் போகாத ஜனங்கள். அவர்கள் வீட்டாரிடம் போய்க் கைதியின் உரிமை பற்றிப் பேசினால் கோபம் வரத்தான் செய்யும்.

26 பேருக்குத் தூக்கு

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சாதாரண வழக்கில் போலீசாரிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. 'தடா' சட்டத்தில் போலீஸ் சூப்பிரண்டிடம் கொடுத்தாலே செல்லும்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில், பூந்தமல்லி தடா கோர்ட்டு 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்கு தண்டனை விதித்தது. 1999 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு தடா குற்றம் நிரூபணமாகவில்லை என்றது. தூக்கை எதிர்நோக்கி இருந்த 19 பேர் வெளியே வந்தார்கள்.

பேரறிவாளனின் வாக்குமூலத்தில் ஒரு பகுதியை விட்டுவிட்டதாக, அதைப் பதிவு செய்த அதிகாரியே 2013-ல் சொன்னார். பேரறிவாளன் விடுதலையானது 2022-ல். அதற்குள் 30 வருஷம் ஓடிவிட்டது!

ஆதரித்தவரே உள்ளே!

தடா 1995-ல் காலாவதியானது. 2002 மார்ச்சில் 'பொடா' நிறைவேறியது. வைகோவின் ம.தி.மு.க. அப்போது மத்திய கூட்டணியில் இருந்து அதை ஆதரித்தது. நாலே மாதத்தில், திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக வைகோவே பொடாவில் கைது! வேலூர் ஜெயிலில் ஒன்றரை வருஷத்துக்கு மேல் இருந்தார். 2004-ல் பொடா ரத்தானது.

ஆனால் கடுமை போகவில்லை. மும்பை தாக்குதலுக்குப் பின், 2008-ல் 'உபா' சட்டம் இறுக்கப்பட்டது. குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாள் வரை உள்ளே வைக்கலாம். மேலோட்டமாகப் பார்த்துப் புகாரில் உண்மை இருக்கிறது என்று கோர்ட்டு நினைத்தாலே ஜாமீன் கிடைப்பது கஷ்டம். வழக்கு அளவுக்கு மீறி இழுத்தால் கோர்ட்டு ஜாமீன் கொடுக்கலாம் என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது கொஞ்சம் ஆறுதல்.

சட்டம் வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் ஒத்துப்போக ஒரு இடம் உண்டு. குற்றவாளி என்றால் சீக்கிரம் தண்டனை, நிரபராதி என்றால் சீக்கிரம் விடுதலை. இழுத்தடித்தால் செத்தவர் குடும்பத்துக்கும் நியாயமில்லை, உள்ளே கிடப்பவருக்கும் நியாயமில்லை.