யார்க் நகரின் கோவில்களில் ஒரு பகல்



இங்கிலாந்து நாட்டிற்குச் செல்வோரில் பலர், இலண்டன் மாநகரைக் கண்டதோடு பயணம் நிறைவுற்றதாக எண்ணித் திரும்பிவிடுவர். நாமோ ஒரு நாளை அதற்கெனவே ஒதுக்கி, வடபகுதியில் உள்ள யார்க் நகருக்குப் புறப்பட்டோம். இலண்டனிலிருந்து விரைவு இரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். உடன் வந்தவர் அந்நாட்டில் பல்லாண்டுகளாய்ப் பணியாற்றும் நம் குருமடத் தோழர். “எல்லாக் கோவில்களையும் ஓடியோடிப் பார்க்க வேண்டாம். ஐந்தாறு கோவில்களில் ஆற அமர இருந்துவிட்டு வருவோம்” என்றார் அவர். அவ்வாறே செய்தோம்.

யார்க் மிகப் பழைய நகர். கி.பி. 71ஆம் ஆண்டளவில் உரோமைப் படையினர் அமைத்த பாசறையே அதன் தொடக்கம். புனித எலேனாளின் மைந்தன் கொன்ஸ்தாந்தீனைப் படைவீரர்கள் பேரரசராக முழங்கியது 306ஆம் ஆண்டில் இந்நகரிலேதான். இடைக்காலத்தில் நகரின் மதிலுக்குள்ளும் அதன் அருகிலுமாக ஏறத்தாழ நாற்பது பங்குக் கோவில்கள் இருந்தன. அவற்றுள் பாதியளவே இன்று நிற்கின்றன. எட்டாம் ஹென்றி மன்னர் 1534இல் திருத்தந்தையின் ஆட்சியிலிருந்து தம் நாட்டுத் திருச்சபையைப் பிரித்தபின், இக்கோவில்கள் யாவும் ஆங்கிலிக்கன் சபையாரிடம் சேர்ந்தன. விசுவாசத்தில் நம் முன்னோர் எழுப்பியவற்றைப் பிரிந்த சகோதரர்கள் பேணிக் காத்துவருகின்றனர். அதற்கு நாம் நன்றி கூற வேண்டும்.

இரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், ஊஸ் நதிக்கரையை ஒட்டி, சகல புனிதர்கள் கோவில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கையில் உயர்ந்த கூர்ங்கோபுரம் ஒன்றைத் தவிரப் பெரிதாக எதுவும் தோன்றாது. உள்ளே நுழைந்ததும் கண்கள் சாளரங்களிலேயே தங்கிவிடுகின்றன. ஒரு சாளரத்தில் உலகம் முடியுமுன் நிகழும் பதினைந்து நாட்களின் அறிகுறிகள் தீட்டப்பட்டுள்ளன. கடல் பொங்குகிறது, கட்டடங்கள் சரிகின்றன, கல்லறைகள் திறக்கின்றன, இறுதியில் அனைத்தும் எரிகின்றன.

அதனருகிலுள்ள மற்றொரு சாளரம் நம்மை நெடுநேரம் நிறுத்திவிட்டது. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் இறுதித் தீர்ப்பைப் பற்றிக் கூறுகையில் குறிப்பிடும் இரக்கச் செயல்கள் ஆறும் அதில் உள்ளன. பசித்தோர்க்கு உணவளித்தல், தாகமுற்றோர்க்கு நீர் தருதல், அந்நியரை வீட்டில் ஏற்றல், ஆடையற்றோரை உடுத்துதல், நோயுற்றோரைக் காணுதல், சிறைப்பட்டோரைச் சந்தித்தல் என்பனவே அவை. சிறைக் காட்சியில் கைதிகளின் கால்கள் தொழுமரத்தில் பூட்டப்பட்டுள்ளன. ஆறு காட்சிகளிலும் தாடி வைத்த செல்வர் ஒருவரே வந்து உதவுகிறார். நகரத் தலைவராக விளங்கிய நிக்கோலஸ் பிளாக்பர்ன் என்னும் வணிகரின் சாயலே அது என்பர். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த படங்கள் இவை. எழுத்தறியாத மக்கள் அனைவரும் ஞாயிறுதோறும் அண்ணாந்து பார்த்து மறைக்கல்வி பெற்றனர்.

ஆயினும் நாம் சிறுவயதில் மனப்பாடம் செய்த உடல் சார்ந்த இரக்கச் செயல்கள் ஏழல்லவா? இறந்தோரை அடக்கம் செய்தல் எங்கே? நற்செய்தியின் அப்பகுதியில் உள்ளவை ஆறே. ஏழாவதைத் தோபித்து நூலின் முன்மாதிரியைக் கொண்டு திருச்சபை சேர்த்துக்கொண்டது. ஓவியர் நற்செய்தியை மட்டும் பின்பற்றியதால் சாளரத்தில் ஏழாவது இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதே நகரில் அந்த ஏழாவதையும் நாம் கண்டோம்.

கோவிலைவிட்டு வெளிவந்து, ஊஸ் பாலத்தைக் கடந்தோம். இன்றுள்ள பாலம் 19ஆம் நூற்றாண்டினது. பழைய பாலத்தை ஒட்டிச் சுங்கச் சாவடியும் சிறைகளும் இருந்தன. அங்கே மார்கரெட் கிளித்ரோ என்னும் பெயர் தாங்கிய நினைவுப் பலகை ஒன்றைக் கண்டு வணங்கினோம்.

பாலத்திற்கு அப்பால், கோனி தெருவில் புனித மார்ட்டின் கோவில் உள்ளது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் ஜெர்மானிய விமானங்கள் வீசிய குண்டுகளால் இக்கோவிலின் பெரும்பகுதி எரிந்து வீழ்ந்தது. முன்யோசனையோடு கழற்றி வைத்திருந்ததால், 1437ஆம் ஆண்டளவில் அமைந்த பெருஞ்சாளரம் மட்டும் தப்பியது. எஞ்சிய பகுதியைச் சீராக்கி 1968இல் மீண்டும் அர்ச்சித்தனர். முன்பு கோவில் நின்ற இடத்தில் ஒரு பகுதி திறந்த முற்றமாகவே விடப்பட்டுள்ளது. உள்ளிருக்கும் இசைப்பேழை ஜெர்மானியரின் நன்கொடை என்று அறிந்தபோது நாம் வாயடைத்து நின்றோம். தன் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைப் பிச்சைக்காரனுக்கு உடுத்திய புனித மார்ட்டினின் கோவிலல்லவா! அங்கே பகைவர்கள் நண்பராவது பொருத்தமே.

பிறகு ஷாம்பிள்ஸ் என்னும் தெருவிற்குள் நுழைந்தோம். அது முற்காலத்தில் இறைச்சிக் கடைத் தெரு. கடைகளின் முகப்பில் இறைச்சி தொங்கவிட்ட கொக்கிகளை இன்றும் காணலாம். மரச்சட்டங்களால் ஆன மேல்மாடிகள் இருபுறமும் முன்னே நீண்டு, எதிரெதிர் வீட்டார் கைகோர்க்கலாம் போல நெருங்கி நிற்கின்றன. அங்கே 35ஆம் எண் வீடு புனித மார்கரெட் கிளித்ரோவின் சிற்றாலயமாய் இருக்கிறது. அவர் வாழ்ந்தது எதிர்வரிசையில் உள்ள வீடு என்று ஆய்வாளர் கருதுவர். அதனாலென்ன? அவர் நாள்தோறும் நடந்த தெரு அது.

மார்கரெட் மெழுகுவர்த்தி வணிகர் ஒருவரின் மகள். 1571இல் ஜான் கிளித்ரோ என்னும் இறைச்சி வணிகரை மணந்தார். மூன்றாண்டுகளுக்குப் பின் கத்தோலிக்க விசுவாசத்தைத் தழுவினார். கணவர் தழுவவில்லை, ஆயினும் மனைவியைத் தடுக்கவுமில்லை. கடைக்கணக்கு, சமையல், பிள்ளை வளர்ப்பு ஆகியவற்றிற்கு நடுவே அவருடைய வீட்டில் இரகசியமாகத் திருப்பலி நடந்தது. அரசின் வழிபாட்டிற்குச் செல்லாததால் அவர் பன்முறை சிறைப்பட்டார். சிறையில்தான் படிக்கவும் கற்றார். வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்றோர்க்கு இடங்கொடுப்பவருக்கு மரணதண்டனை என்ற சட்டம் 1585இல் வந்தது. அதன் பின்பும் அவர் கதவை அடைக்கவில்லை.

1586 மார்ச்சுத் திங்களில் அதிகாரிகள் வீட்டைச் சோதித்தனர். அஞ்சிய சிறுவன் ஒருவன் மறைவறையைக் காட்டிக்கொடுத்தான். நீதிமன்றத்தில் மார்கரெட் வாதாட மறுத்துவிட்டார். வழக்கு நடந்தால் தம் பிள்ளைகளும் பணியாளரும் தமக்கு எதிராகச் சாட்சி கூற நேரும். அந்தப் பாவம் அவர்கள்மேல் சுமரக் கூடாது என்பதே அவர் எண்ணம். வாதாட மறுப்போரைப் பாரத்தால் நசுக்கிக் கொல்வது அந்நாட்டுச் சட்டம். மார்ச்சு 25, மங்கள வார்த்தைத் திருநாள். வழியில் நின்ற ஏழைகளுக்குப் பிச்சையிட்டவாறே அவர் ஊஸ் பாலத்துச் சாவடிக்கு நடந்தார். தரையில் கிடத்தி, மேலே கதவு ஒன்றை வைத்து, அதன்மேல் பாரங்களை ஏற்றினர். இச்செயலைச் செய்யவேண்டிய காவலர்கள் மனமின்றி, நான்கு பிச்சைக்காரரைக் கூலிக்கு அமர்த்தினராம். கால்மணி நேரத்தில் அவர் உயிர் பிரிந்தது. அவர் தம் தொப்பியைக் கணவருக்கும், தம் காலணிகளை மகள் ஆனுக்கும் அனுப்பியிருந்தார். தாயின் அடிச்சுவட்டில் நட என்பதே அதன் பொருள். ஆன் பின்னாளில் கன்னியரானார். மைந்தர் ஹென்றியும் வில்லியமும் குருக்களாயினர்.

உடலைக் குப்பைமேட்டில் புதைத்துவிட்டனர். ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குப் பின் கத்தோலிக்கர் சிலர் அதைத் தேடிக் கண்டெடுத்து, தொலைவிலுள்ள ஓரிடத்திற்குக் கொண்டு சென்று மரியாதையோடு அடக்கம் செய்தனர். அகப்பட்டிருந்தால் அவர்கள் கதி என்னவாகியிருக்கும்? அடக்கம் செய்த இடம் இன்றுவரை எவருக்கும் தெரியாது. அந்த ஏழாவது இரக்கச் செயலுக்குச் சாளரமும் இல்லை, செய்தவர்க்குப் பெயருமில்லை. திருத்தந்தை ஆறாம் பவுல் 1970 அக்டோபர் 25ஆம் நாள் மார்கரெட்டை, இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் நாற்பது வேதசாட்சிகளுள் ஒருவராகப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார்.

இதை எழுதும்போது மற்றொன்றையும் மறைக்கலாகாது. எலிசபெத்து அரசிக்கு முன் ஆண்ட கத்தோலிக்க அரசி மேரியின் காலத்தில், புராட்டஸ்தாந்தர் ஏறத்தாழ 280 பேர் எரியூட்டப்பட்டனர். அதிகாரம் கையிலிருந்தபோது இரு தரப்பாருமே இரக்கத்தை மறந்தனர்.

நண்பகல் உணவிற்குப்பின், குட்ராம்கேட் தெருவிலுள்ள பரிசுத்த தமதிரித்துவக் கோவிலுக்குச் சென்றோம். கடைகளுக்கு நடுவே ஒரு சிறு வாயில். அதற்குள் மரங்கள் நிழலிட்ட அமைதியான முற்றம். அதன் நடுவே கோவில். ஜான் வாக்கர் என்னும் பங்குக்குரு 1470களில் அளித்த சாளரம் பீடத்திற்கு மேலே ஒளிர்கிறது. இருக்கைகளோ பெட்டி போன்றவை. குடும்பத்திற்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு கதவு. குளிர்காற்றைத் தடுக்க அது உதவியிருக்கும். கதவு வைத்த இருக்கைகளைக் கண்டு நாம் வியந்தோம். கதவே இல்லாமல் மனிதரைப் பிரித்துவைக்கும் இருக்கைகளும் உலகில் உண்டு என்ற எண்ணமும் உடனே எழுந்தது. அருகிலேயே புனித சாம்சன் கோவில் உள்ளது. அங்கே வழிபாடு நின்றபின் 1974இல் அதை முதியோர் கூடும் மையமாக்கினர். தனிமையில் வாடும் முதியவருக்குத் தேநீரும் உரையாடலும் தருவதும் தாகம் தணித்தல்தானே.

யார்க் பேராலயத்தைப் பற்றி எழுதினால் இவ்விதழ் போதாது. அதன் கீழ்த்திசைப் பெருஞ்சாளரம் ஒரு டென்னிஸ் ஆடுகளத்தின் பரப்புடையது. கொவென்ட்ரி நகர் ஜான் தார்ன்டன் 1405 முதல் 1408 வரை உழைத்து அதை முடித்தார். பெற்ற ஊதியம் 56 பவுன். உலகப் படைப்பும் திருவெளிப்பாட்டுக் காட்சிகளும் அதில் உள்ளன. 1984 ஜூலை 9ஆம் நாள் இப்பேராலயத்தின் தென்சிறகில் தீப்பற்றிக் கூரை எரிந்தது. அங்கிருந்த ரோஜா வடிவச் சாளரம் எங்கும் விரிசலுற்றும் உதிராமல் நின்றதாம். நான்கே ஆண்டுகளில் பழுதனைத்தையும் சீராக்கினர். பேராலயத்திற்கு அருகிலேயே 1864இல் திறக்கப்பட்ட நம் புனித வில்ஃபிரிட் கோவில் இருக்கிறது. அங்கே நற்கருணை ஆண்டவர் முன் சிறிது நேரம் அமர்ந்து இளைப்பாறினோம்.

மாலையில் நகர மதில்மேல் நடந்து மிக்கிள்கேட் வாயிலை அடைந்தோம். அரசத் துரோகிகளின் தலைகளைக் குத்திவைத்த வாயில் அது. அதற்கு நேர் வெளியே கன்னியர் மடம் ஒன்று உள்ளது. மேரி வார்டு அன்னையின் சபைச் சகோதரிகள் 1686இல், சட்டம் தடுத்திருந்த காலத்திலேயே, அதைத் தொடங்கினர். துறவற உடையின்றிச் சாதாரணப் பெண்களைப் போல உடுத்தி, சிறுமியர்க்குக் கல்வி புகட்டினர். 1769இல் எழுந்த அவர்களுடைய சிற்றாலயத்தின் குவிமாடம் வெளியே தெரியாது. சாதாரண ஓட்டுக்கூரை அதை மூடியிருக்கிறது. ஆபத்து வந்தால் தப்பியோட எட்டுக் கதவுகளும், குரு ஒளிந்துகொள்ள ஒரு நிலவறையும் உண்டு. அங்கேதான் புனித மார்கரெட்டின் கை திருப்பண்டமாகக் காக்கப்படுகிறது. அந்நியருக்குக் கதவு திறந்த கை அது!

இந்த மடத்திற்கும் நம் பாரத நாட்டிற்கும் தொடர்பு உண்டு. இங்கே கல்வி கற்ற தெரேசா பால் என்னும் அயர்லாந்துப் பெண்மணியே அந்நாட்டில் லொரேட்டோ கன்னியர் கிளையை நிறுவினார். அக்கன்னியர் 1841இல் கல்கத்தா வந்தனர். 1928இல் அச்சபையில் சேர்ந்த ஓர் இளம்பெண், பின்னர் அதைவிட்டுப் புறப்பட்டு, தெருவோரம் சாகக்கிடந்தோரை அள்ளி எடுத்தார். அவர்தான் 2016இல் புனிதராக உயர்த்தப்பட்ட அன்னை தெரேசா. சாளரத்தில் விடுபட்ட ஏழாவது செயலையும் சேர்த்துச் செய்தவரல்லவா அவர்!

அன்பார்ந்த பெற்றோரே, குண்டுக்கும் தீக்கும் அஞ்சிக் கழற்றி வைக்கவேண்டியது கண்ணாடி. மார்கரெட் என்னும் குடும்பத்தலைவி வாழ்ந்து காட்டியதை எந்தப் பாரமும் நசுக்க முடியவில்லை. இரக்கச் செயல்களுக்குத் துறவறமோ பெருஞ்செல்வமோ தேவையில்லை. கடையும் அடுக்களையும் போதும். இன்றிரவு குடும்பச் செபம் முடிந்தபின், மத்தேயு 25ஆம் அதிகாரத்தைப் பிள்ளைகளுள் ஒருவர் உரக்க வாசிக்கட்டும். ஆறு காட்சிகளிலும் அந்தத் தாடிக்காரரின் முகத்திற்குப் பதிலாக நம் வீட்டாரின் முகத்தை வைத்துப் பார்ப்போம். எந்தக் காட்சியில் நம் முகம் பொருந்தவில்லையோ, அதிலிருந்து இம்மாதம் தொடங்குவோம். அடுத்த தெருவில் நோயுற்றிருப்பவரைக் காணச் செல்லலாம். சிறையிலுள்ளவரின் குடும்பத்தை விசாரிக்கலாம். எவருமின்றி இறந்தவரின் அடக்கத்திற்கு நாலு பேராய்ப் போய் நிற்கலாம்.

புனித மார்கரெட்டின் வேண்டுதலால் இறைவன் உங்கள் இல்லங்களையும், அவற்றின் திறந்த கதவுகளையும் ஆசீர்வதிப்பாராக.